பதினோராம் வாசல், பெண்கள் வரிசை

ஆட்டம் ஏழரைக்கு. எங்களை ஒன்றரைக்கே வரச் சொன்னார்கள்.
அதற்கும் முன்னால் நாய் வந்து
அத்தனை நாற்காலியையும் முகர்ந்து முடித்து
கப்பன் பார்க் பக்கத்து நிழலில்
நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது.
இதுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன்.
'உன்னைவிட ஜாஸ்தி' என்றார் நஞ்சுண்டப்பா.
சிரித்தோம். உண்மையாகத்தான் இருக்கும்.

எனக்கு நாளுக்கு எண்ணூறு,
ஒரு சாம்பார் சாதப் பொட்டலம்,
இரவில் திருப்பித் தரவேண்டிய நீலச் சட்டை.
இரும்பைக் கண்டால் கூவும் கம்பு ஒன்று.
நாலு மணிக்கெல்லாம் அதன் பேட்டரி செத்துவிடும்.
பிறகு கைதான்.

பயிற்சி அரை நாள்.
மார்புக்குப் புறங்கை, இடுப்புக்கு உள்ளங்கை.
கண்ணைப் பார்க்காதே என்றார் ஒரு அதிகாரி.
கண்ணைத்தான் பார் என்றார் இன்னொருவர்.
இதே மதிலோரம் ஒருமுறை வெடித்ததாம்.
வெடித்த பிறகும் ஆட்டம் நடந்ததாம்,
ஒரு மணி நேரம் தள்ளி.
எனக்கு அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால்தான்
வயிற்றைப் பிசைகிறது.
உள்ளே உட்கார்ந்து
கடலை தின்றபடி காத்திருந்திருப்பார்கள்.

சில்லறை கூடாது. வாளியில் போடு.
சென்ட் பாட்டில் கூடாது. பவர் பேங்க் கூடாது.
'இது எங்க அம்மா வாங்கித் தந்த லிப்ஸ்டிக்.'
வாளியில் போடு.
கல்யாணமாகி ஒன்பது வருடத்தில்
என் புருஷன் என்னைத் தொட்டதைவிட
ஒரு சாயங்காலத்தில் நான் தொடுகிற தோள்கள் அதிகம்.
வியர்வை, ஊக்கு, தாயத்து,
ஐந்து மாதம், ஏழு மாதம்,
எலும்பு மட்டும்.

ஆறே காலுக்கு அவள் வந்தாள்.
சிவப்பு ஜெர்சி, தலையில் ஸ்கார்ஃப்.
இடது பக்கம் என் புறங்கை நின்றது.
கனம். மெத்து. ஆனால் உடம்பு இல்லை.
வகுப்பில் காட்டிய படம் ஒன்று
கண்ணுக்குள் வந்து நின்றது.
வரிசை கத்திக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு
தமிழில் சொன்னாள்:
'சிலிக்கான், தேவகிருபை. நவம்பர்ல எடுத்துட்டாங்க.'

நம்பினேன்.
ஆனால் நம்புவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.
திரைக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.
அவளே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
கால் கிலோ தக்காளி அளவு,
உடம்புச் சூடு ஆறாமல்.
திருப்பிப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தேன்.
ஓரத் தையலை நகத்தால் தடவினேன்.
ஒன்றையும் விடவில்லை.
வேலையை ஒழுங்காகச் செய்தேன், அதுதான் உறுத்துகிறது.

'உங்க கை சில்லுனு இருக்கு' என்றாள்.
பொருத்திக்கொண்டே கேட்டாள்,
'டாஸ் போட்டாச்சா?'

எனக்கெப்படித் தெரியும்.
ஆறு வருடமாக இந்த மதிலுக்கு வெளியே நிற்கிறேன்,
ஒரு பந்துகூடப் பார்த்ததில்லை.
நாலு ரன்னுக்குச் சத்தம் எழுந்து உட்காரும்.
ஆறுக்கு எழுந்து நின்றுகொள்ளும்.
நம்ம ஆள் அவுட் என்றால்
மதிலுக்கு மேலே இருக்கிற காற்று போய்விடும்.
அன்றைக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும்
அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று
தலை தானாகத் திரும்பியது.
சத்தம் சத்தமாகவே இருந்தது.
பத்தே முக்காலுக்கு
சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
பதிவேட்டில், சம்பவம் என்ற கட்டத்தில்,
இல்லை.

மெட்ரோ வாசலில் இன்னொருத்தி,
இருபது வயதுகூட இருக்காது.
அவள் கம்புக்குப் பேட்டரி நன்றாக இருந்தது.
என் இடுப்பருகே கூவியது.
பாவாடை மடிப்பில் இரண்டு ரூபாய் நாணயம்.
யாருடையதோ.
வாளிக்குப் போகும் வழியில் விழுந்திருக்கும்,
எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் என் கண்ணைப் பார்த்தாள்.
அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.